தேரும் முட்டுக்கட்டையும்: திறந்தவெளி ராக் இசை விழாக்களின் கதை

ஊர் கூடித் தேர் இழுப்பது நாம் பிறந்த மண்ணில் பழகிய காட்சி. வடம் பிடிப்போர் ஆயிரவர். வேடிக்கை பார்ப்போர் பல்லாயிரவர். எல்லாருடைய கண்ணும் தேரின் உச்சியிலும் வடத்திலுமே நிலைத்திருக்கும். சக்கரத்தின் அருகே, கையில் மரக்கட்டையுடன் குனிந்தவாறு நடந்து வரும் மனிதரை எவரும் கவனிப்பதில்லை. தேர் வழி விலகும்போதும் வேகம் மிகும்போதும் சக்கரத்தின் அடியில் கட்டையைக் கொடுத்து, அதைத் திருப்புபவரும் நிறுத்துபவரும் அவரே. உலக வழக்கில் ‘முட்டுக்கட்டை’ என்னும் சொல் காரியத்தைக் கெடுக்கும் தடை என்ற பொருளில் நிலைத்துவிட்டது. தேரடியில் நின்று பார்ப்பவர்க்கோ, அந்தக் கட்டை எத்தனை உயிர்களைக் காக்கிறது என்பது விளங்கும்.

இந்த உரைக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள், ‘ராக்’ எனப்படும் மேனாட்டு இசையின் திறந்தவெளி விழாக்களும், அவற்றை நடத்தியோர் பட்ட பாடுகளும் ஆகும். வெளி மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இவ்விசை அந்நியமானதன்று. தந்தையார் மார்கழியில் கச்சேரி கேட்பார். மகனோ மகளோ அடுத்த அறையில் கிதார் மீட்டுவர். பெங்களூர், மும்பை, தில்லி போன்ற நகரங்களில் இது அன்றாட நிகழ்ச்சி. அந்த மகனோ மகளோ நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு, பல்லாயிரவர் திரளும் மைதானத்துக்கு ஒரு மாலை புறப்படும்போது பெற்றோர் உள்ளத்தில் எழும் கேள்வி ஒன்றே: பிள்ளைகள் பத்திரமாகத் திரும்புவார்களா? அக்கேள்விக்கு வரலாறு என்ன விடை தருகிறது என்பதைப் பார்ப்போம்.

ராக் இசை 1950-களில் அமெரிக்காவில் உருப்பெற்றது. கறுப்பின மக்களின் பாடல் மரபும் நாட்டுப்புற மெட்டுகளும் மின்கிதாரின் ஒலியோடு கலந்து பிறந்தது அது. நம் நாகசுவரமும் தவிலும் இயல்பாகவே வீதிக்கு உரிய வாத்தியங்கள். நான்கு மாட வீதியிலும் அவற்றின் ஒலி எட்டும். கிதாருக்கு அந்த வலிமை இல்லை. அதனை ஒரு பெருங்கூட்டம் கேட்கவேண்டுமானால் மின்சாரமும் ஒலிபெருக்கியும் வேண்டும். 1965 ஆகஸ்டு 15-ஆம் நாள் நியூயார்க் நகரின் ஷே விளையாட்டரங்கில் ‘பீட்டில்ஸ்’ குழுவினர் பாடியபோது, ஐம்பத்தையாயிரத்துக்கு மேற்பட்டோர் திரண்டனர். விளையாட்டு அறிவிப்புக்கென அமைந்த ஒலிபெருக்கிகள் வழியே பாட்டு ஒலித்தது. ரசிகர்களின் கூச்சலில் அது மூழ்கிப்போயிற்று. கூட்டம் சேர்ப்பது எளிது, சேர்ந்த கூட்டத்துக்குப் பாட்டைக் கேட்கச் செய்வதே அரிது என்பதை இசையுலகம் அன்று கண்டுகொண்டது.

இரண்டாண்டுகள் கழித்து, 1967 ஜூன் 16 முதல் 18 வரை, கலிபோர்னியாவின் மாண்டரே நகரில் மூன்று நாள் விழா நடைபெற்றது. சந்தை மைதானம் ஒன்றில், அளவான இடத்தில், அளவான கூட்டத்துடன் நடந்த விழா அது. பண்டித ரவிசங்கர் அங்கே ஒரு பிற்பகல் முழுதும் சிதார் வாசித்தார். மேனாட்டு இளைஞர்கள் அசையாமல் அமர்ந்து கேட்டனர். மாண்டரேயின் வெற்றி பலருக்கு ஆசையை ஊட்டியது. அந்த ஆசையிலிருந்து பிறந்ததே 1969-ஆம் ஆண்டின் வுட்ஸ்டாக் விழா.

வுட்ஸ்டாக் என்ற பெயரை அறியாத இசை ரசிகர் இலர். ஆனால் அவ்விழா வுட்ஸ்டாக் என்னும் ஊரில் நடைபெறவில்லை என்பது பலருக்குத் தெரியாது. மைக்கேல் லாங், ஆர்ட்டி கார்ன்ஃபெல்டு, ஜான் ராபர்ட்ஸ், ஜோயல் ரோசன்மன் என்னும் நான்கு இளைஞர்கள் அதனை ஏற்பாடு செய்தனர். நியூயார்க் மாநிலத்தின் வால்கில் என்னும் ஊரில் இடம் பிடித்து வேலையையும் தொடங்கினர். ஊரார் அஞ்சினர். பெருங்கூட்டங்களுக்கு அனுமதி பெறவேண்டும் என்று ஊராட்சி புதுச் சட்டம் இயற்றிற்று. கழிப்பிட ஏற்பாடு விதிக்கு ஏற்ப இல்லை என்பது போன்ற காரணங்களைக் காட்டி, ஜூலை நடுவில் விழாவைத் தடை செய்தது. விழாவுக்கு எஞ்சியிருந்த நாளோ ஒரு மாதம்.

அந்த நெருக்கடியில் கைகொடுத்தவர், பெத்தெல் என்னும் ஊரில் பால்பண்ணை நடத்திவந்த மாக்ஸ் யாஸ்கர். தம் நிலத்தை வாடகைக்குக் கொடுக்க அவர் இசைந்தார். அவருடைய பாலை வாங்கவேண்டாம் என்று பலகை எழுதி நட்டனர் அக்கம்பக்கத்தார் சிலர். அவர் பின்வாங்கவில்லை. ஆயினும் இழந்த காலத்தை எவரும் மீட்டுத் தர இயலாது. நாள் நெருங்க நெருங்க, மேடையைக் கட்டி முடிப்பதா, வேலியைக் கட்டி முடிப்பதா என்ற கேள்வி எழுந்தது. இரண்டுக்கும் ஆளும் பொழுதும் போதவில்லை. மேடையைத் தேர்ந்தெடுத்தனர். வேலி அரைகுறையாக நின்றது. வேலி இல்லாத இடத்தில் சீட்டுக்கு என்ன மதிப்பு? முன்கூட்டி விற்ற சீட்டுகள் 1,86,000 என்பர். வந்து குவிந்தோர் நான்கு லட்சம் அளவினர். இலவச விழா என்று அறிவிப்பதைத் தவிர வேறு வழியில்லாமற் போயிற்று.

காவலுக்கென நியூயார்க் நகரக் காவலர் சிலர், தம் ஓய்வு நேரத்தில் ஊதியம் பெற்று உதவ ஒப்பியிருந்தனர். கடைசி வேளையில் காவல்துறைத் தலைமை அதனைத் தடுத்துவிட்டது. சாலைகள் அடைபட்டன, வண்டிகளை வழியிலேயே விட்டுவிட்டு மக்கள் நடந்தனர். பாடகர்களை ஹெலிகாப்டரில் கொண்டுவந்து இறக்க நேர்ந்தது. ஆகஸ்டு 15, வெள்ளிக்கிழமை மாலை, முதலில் பாடவேண்டிய குழு வழியில் சிக்கிக்கொண்டது. கையில் கிதாருடன் ஆயத்தமாக இருந்த ரிச்சி ஹேவன்ஸ் என்னும் பாடகரை மேடையேற்றினர். அடுத்தவர் வந்து சேரும்வரை பாடிக்கொண்டே இருக்கும்படி அவரை வேண்டினர். பாட்டெல்லாம் தீர்ந்த பின்னரும் அவர் புதிதாகப் புனைந்து பாடிக் காலத்தைக் கடத்தினார்.

அந்த மேடையில் அடுத்துத் தோன்றிய ஒருவரை நாம் சிறப்பாக நினைவுகூர வேண்டும். காவியுடையும் வெண்தாடியுமாகக் கூட்டத்தின் முன் அமர்ந்து, அமைதியைப் பற்றிச் சில நிமிடம் பேசி விழாவைத் தொடங்கி வைத்தவர் சுவாமி சச்சிதானந்தர். கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்தில் 1914-ஆம் ஆண்டு வேளாண் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பத்தமடையில் தோன்றி ரிஷிகேசத்தில் ஆசிரமம் கண்ட சுவாமி சிவானந்தரின் சீடர். 1966-இல் அமெரிக்கா சென்று யோகம் கற்பித்துவந்தார். உணவும் இடமும் போதாத, எப்படித் திரும்பும் என்று எவரும் கணிக்க இயலாத ஒரு பெருங்கூட்டத்தின் முன் முதலிற் பேச அழைக்கப்பட்டவர் கொங்கு நாட்டுத் தமிழர் என்பது நாம் மறவாதிருக்கத்தக்க செய்தி. அன்று இரவு ரவிசங்கரும் அம்மேடையில் மழைக்கிடையே வாசித்தார். மாண்டரேயைப் பற்றி மகிழ்ந்து பேசிய அவர், வுட்ஸ்டாக்கின் சேற்றையும் கூட்டத்தையும் பற்றிப் பின்னாளில் மனநிறைவுடன் பேசியதில்லை.

மூன்று நாளுக்கெனத் திட்டமிட்ட விழா நான்காம் நாள் காலையில் முடிந்தது. இடையே புயல்மழை பெய்தது; மின்கம்பிகளால் ஆபத்து நேருமோ என்ற அச்சம் எழுந்தது. உணவு தீர்ந்தது. விழாவுக்கு உதவ வந்திருந்த ‘ஹாக் ஃபார்ம்’ என்னும் கூட்டுவாழ்வுக் குழுவினர் பெரும் பாத்திரங்களில் தானியம் சமைத்து வழங்கினர். அஞ்சி எதிர்த்த அதே வட்டாரத்து மக்கள் ரொட்டியும் முட்டையும் கொடுத்தனுப்பினர். மருத்துவர்கள் வான்வழி வந்தனர். புல்வெளியில் உறங்கிக்கிடந்த இளைஞர் ஒருவர் மீது டிராக்டர் ஏறியது உட்பட, உயிரிழப்புகளும் நேர்ந்தன. எனினும் அத்தனை பெரிய கூட்டத்தில் கலவரம் என்று ஒன்று எழவில்லை. நடத்தியவர்களுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் கடன் மிஞ்சியது. 1970-இல் வெளிவந்த திரைப்படத்தின் வருவாயே அக்கடனை நாளடைவில் அடைக்க உதவிற்று.

இதனைக் கண்டு, ஏற்பாடு இன்றியும் விழா நடக்கும் என்று சிலர் எண்ணினர். அவ்வெண்ணத்தின் விலை நான்கே மாதத்தில் தெரிந்தது. 1969 டிசம்பர் 6-ஆம் நாள், ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ என்னும் ஆங்கிலக் குழு கலிபோர்னியாவில் ஓர் இலவசக் கச்சேரி நடத்தியது. முதலில் எண்ணிய இடம் கிடைக்கவில்லை. இரண்டாவது இடமும் கைநழுவிற்று. விழாவுக்கு இரண்டு நாள் இருக்கையில், ஆல்டமாண்ட் என்னும் கார்ப்பந்தயத் திடல் முடிவாயிற்று. வேறிடத்துக்கெனச் செய்த தாழ்வான மேடையைச் சரிவின் அடியில் நிறுத்தினர். மேட்டிலிருந்து சரிந்துவரும் மூன்று லட்சம் மக்களின் நெருக்கடி முழுதும் மேடையின்மீது வந்து விழுந்தது. மேடையைச் சூழ நின்றவர்கள் ‘ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்’ என்னும் முரட்டு மோட்டார்சைக்கிள் கூட்டத்தார். பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே பதினெட்டு வயது இளைஞர் மெரிடித் ஹண்டர் கத்தியாற் குத்தப்பட்டு இறந்தார். அன்று மாண்டோர் மொத்தம் நால்வர்.

வுட்ஸ்டாக்கிலும் ஆல்டமாண்டிலும் இடம் மாறியது, காலம் போதவில்லை, வேலி இல்லை, கூட்டம் கணக்கை மீறியது. பிறகு ஏன் இத்தனை வேறுபாடு? முன்னதில் ஒரு மாதமேனும் கிடைத்தது. சரிவான புல்வெளி கூட்டத்துக்கு இருக்கை போல் அமைந்தது. உயர்ந்த மேடை இருந்தது. யாஸ்கர் என்னும் பொறுப்புள்ள நில உரிமையாளர் இருந்தார். உணவு கொடுக்க அயலார் இருந்தனர். பின்னதில் பொறுப்பேற்பதற்கு எவரும் இல்லை. முட்டுக்கட்டை பிடிப்பவர் இல்லாமல் தேர் ஓடியது, அவ்வளவே.

ஆல்டமாண்டில் பாடிய அதே குழு, முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து நம் பெங்களூருக்கு வந்தது. அதன் கதைக்குச் செல்லுமுன், பெங்களூருக்கும் இவ்விசைக்கும் உள்ள உறவைச் சிறிது கூறுதல் தகும். 1809-இல் ஆங்கிலப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாறியபோது தண்டுப் பகுதி தோன்றியது. படையோடு சிப்பாய்களாகவும் ஒப்பந்தக்காரர்களாகவும் தொழிலாளராகவும் வந்து அல்சூரிலும் சிவாஜி நகர்ப் பக்கத்திலும் குடியேறியவர்களில் பெரும்பாலார் தமிழர். கப்பன் பூங்காவின் இசைமேடையில் படைவாத்தியக் குழுக்கள் வாசித்தன. மேனாட்டு இசையைத் திறந்தவெளியில் நின்று கேட்கும் பழக்கம் இந்நகருக்கு அப்போதே உண்டாயிற்று. 1970-களில் ‘ஹியூமன் பாண்டேஜ்’ என்னும் ராக் குழுவில் முரசு வாசித்த ரமேஷ் சோதம் சென்னையில் பிறந்தவர். பெங்களூரில் 1964-இல் நிறுவப்பெற்ற கர்நாடகத் தாளவாத்தியக் கல்லூரியில் அவர் தவில் பயின்றார். பின்னர் ஜெர்மனியில் வாழ்ந்து, தவிலின் நாதத்தை மேனாட்டு மேடைகளில் ஏற்றினார்.

அதே நகரில், பந்தலில் நடக்கும் சங்கீத விழாவுக்கும் சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. சாமராஜப்பேட்டையில் கோட்டை உயர்நிலைப்பள்ளி மைதானத்தில் நடைபெறும் ஸ்ரீராமநவமி உற்சவத்தைப் பெங்களூர்த் தமிழர் நன்கு அறிவர். எஸ். வி. நாராயணசுவாமி ராவ் அவர்களால் 1939-இல் தொடங்கப்பெற்ற ஸ்ரீராம சேவா மண்டலி அதனை நடத்திவருகிறது. சிறிதாகத் தொடங்கி, ஆண்டுதோறும் ஒரு படி வளர்ந்து, ஒரு மாத விழாவாக விரிந்தது அது. பந்தல் எவ்வளவு கொள்ளும், எந்த வித்துவானுக்கு எவ்வளவு கூட்டம் சேரும், வண்டிகள் எங்கே நிற்கும் என்பனவெல்லாம் அனுபவத்தாற் படிந்த அறிவு. ராக் இசை விழாவுக்கு இந்த வாய்ப்பு அரிது. ஓர் இரவுக்கென ஊர் ஒன்று எழுப்பி, மறுநாள் அதைக் கலைத்துவிடவேண்டும். அடுத்த முறை நடத்துபவர் வேறொருவராக இருப்பார். கற்ற பாடம் கைமாறுவதில்லை.

நம் நாட்டில் ராக் இசைக்கென நிலைத்த விழாக்கள் சிலவும் தோன்றின. மும்பையில் 1986-இல் ‘இண்டிபெண்டன்ஸ் ராக்’ தொடங்கிற்று. பெங்களூரில் 1996 முதல் சுதந்திரத் திருநாளையொட்டி ‘ஃப்ரீடம் ஜாம்’ என்னும் இலவச இசைக்கூடல் நிகழ்ந்தது. இவற்றை நடத்தியோரின் பெருந்தொல்லை இடமே. மும்பையில் ரங் பவன் என்னும் திறந்தவெளி அரங்கு இளைஞர்க்கு உகந்ததாக இருந்தது; சுற்றிலும் மருத்துவமனையும் கல்லூரியும் இருந்தமையால், ஒலி விதிகளின் காரணமாக அங்கே கச்சேரிகள் நின்றன. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சூழ நூறு மீட்டர் அமைதி வலயமாகும். ரசிகர்க்கு இது முட்டுக்கட்டையாகத் தோன்றலாம். அறுவைச் சிகிச்சை முடிந்து கண்மூடிக் கிடக்கும் நோயாளியின் படுக்கையிலிருந்து பார்த்தால் வேறு விதமாகத் தோன்றும்.

பெங்களூரில் இத்தொல்லைக்கு விடையாக அமைந்தது அரண்மனை மைதானம். ரெவரெண்ட் காரெட் என்னும் கல்வியாளரிடமிருந்து 1873-இல் மைசூர் அரச குடும்பத்துக்காக வாங்கப்பெற்ற மாளிகையைச் சூழ்ந்த நிலம் அது. பரப்பு 450 ஏக்கருக்கு மேல். 1996-இல் மாநில அரசு அதனை அரசுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. வழக்கு பல்லாண்டு நீண்டது. நகரின் நடுவே, நான்கு திசையிலிருந்தும் வந்து சேரத்தக்க வெட்டவெளி வேறு இல்லாமையால், திருமணம், பொருட்காட்சி, அரசியல் மாநாடு, இசைக் கச்சேரி அனைத்தும் அங்கேயே கூடின. நிறையும் குறையும் ஒன்றே: நகரின் நடுவில் இருப்பதால் மக்கள் எளிதில் வருவர்; வந்தவர் அனைவரும் பல்லாரி சாலையில் ஒரே வேளையில் இறங்குவதால் மேக்ரி சதுக்கம் முதல் நகரமே திகைத்து நிற்கும்.

2003 ஏப்ரல் 4-ஆம் நாள், அந்த மைதானத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் பாடினர். இந்தியாவில் அவர்களது முதற் கச்சேரி அதுவே. சார்ஸ் என்னும் நோய் ஆசியாவில் பரவிய காலம் அது. ஹாங்காங்கிலும் சீனத்திலும் அவர்களின் நிகழ்ச்சிகள் கைவிடப்பட்டன. பெங்களூர் நிகழ்ச்சி நடக்குமா என்ற ஐயம் நடத்துவோரை வாட்டியிருக்கும் என்பதில் வியப்பில்லை. ஏப்ரல் மாதத்து மாமழையும் சேர்ந்துகொண்டது. எனினும் ரசிகர்கள் நனைந்தபடி நின்று கேட்டனர். ஆல்டமாண்டின் தாழ்ந்த மேடையில் இளைஞர்களாய் நின்ற மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்சும் சார்லி வாட்ஸும், அறுபதை எட்டும் வயதில் பெங்களூரின் உயர்ந்த மேடையில் நின்றனர். மேடைக்கும் மக்களுக்கும் இடையே இம்முறை தடுப்பு இருந்தது, காவலர் இருந்தனர். இசையுலகம் முப்பது ஆண்டுகளில் கற்ற பாடம் அந்த இடைவெளியில் எழுதப்பட்டிருந்தது.

2007 மார்ச் 17-இல் ‘அயர்ன் மெய்டன்’ குழு அதே மைதானத்தில் பாடியது. பல மாநிலங்களிலிருந்து ரயிலேறி இளைஞர்கள் வந்தனர். இவ்வகைக் கச்சேரிகளுக்கு இந்தியாவின் தலைநகர் பெங்களூரே என்ற பெயர் அதன்பின் ஊன்றிற்று. அப்பெயர் சோதனைக்கு உள்ளான ஆண்டு 2011.

அவ்வாண்டு அக்டோபரில் ‘மெட்டாலிகா’ என்னும் அமெரிக்கக் குழு முதன்முறையாக இந்தியா வந்தது. அக்டோபர் 28-இல் தில்லியை அடுத்த குர்கானிலும், 30-இல் பெங்களூரிலும் பாடுவதாக ஏற்பாடு. குர்கானில் மேடைக்கு முன்னிருந்த தடுப்பு கூட்டத்தின் நெருக்கத்தைத் தாங்கவில்லை. பாதுகாப்பில்லை என்று கருதி, நிகழ்ச்சியைத் தள்ளிவைத்தனர். காரணம் தெளிவாகச் சொல்லப்படாமல் மக்கள் நெடுநேரம் காத்துநின்றனர். சினங்கொண்ட சிலர் மேடையேறிக் கருவிகளை உடைத்தனர். நிகழ்ச்சி ரத்தாயிற்று, நடத்தியவர்களில் சிலர் கைதாயினர். இரண்டு நாள் கழித்துப் பெங்களூர் அரண்மனை மைதானத்தில் என்ன நேருமோ என்று நாடே நோக்கியிருந்தது. காவல் ஏற்பாடு பலப்படுத்தப்பட்டது. உள்ளூர்க் குழுவான ‘இன்னர் சாங்டம்’ முதலியோர் வாசித்த பின், மெட்டாலிகா மேடையேறி முழுக் கச்சேரியும் நடத்தியது. குழு ஒன்று, ரசிகர் ஒரே தன்மையினர், இடைவெளி இரண்டே நாள். ஓரிடத்தில் உடைந்தது மற்றோரிடத்தில் நிலைத்தது. குர்கானில் அன்று பாடாமல் நிறுத்திய முடிவையும் நாம் பழிக்கலாகாது. தடுப்பு உடைந்த பின்னரும் பாடத் தொடங்கியிருந்தால், ஆல்டமாண்டின் கதை திரும்பியிருக்கலாம்.

இங்கே கூட்ட நெரிசல் எவ்வாறு உயிரைக் குடிக்கிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது. மிதிபட்டு இறப்பதாகவே நாம் பொதுவாக எண்ணுகிறோம். ஆராய்ந்தோர் கூறுவது வேறு. சதுர மீட்டருக்கு நான்கு பேர் வரை நிற்கையில் ஒவ்வொருவரும் தம் காலில் நிற்கிறார். விலகி நடக்க இயலும். ஆறு, ஏழு பேர் என நெருங்கும்போது மனிதர் தனித்தனியே அசைவது நின்று, கூட்டம் நீரைப்போல் அலையத் தொடங்குகிறது. பின்னால் ஒருவர் தள்ளுவது முன்னால் நூறு பேரைத் தாண்டிச் சென்று தாக்குகிறது. நின்ற நிலையிலேயே மார்பு அழுந்தி மூச்சு அடைபடுகிறது. முன்வரிசையில் நிகழ்வது பின்வரிசைக்குத் தெரிவதில்லை. 2000 ஜூன் 30-இல் டென்மார்க்கின் ராஸ்கில்டே விழாவில் இவ்வாறு ஒன்பது இளைஞர்கள் இறந்தனர். அதன்பின் கூட்டத்தைப் பகுதி பகுதியாகப் பிரிக்கும் தடுப்புகளும், கச்சேரியை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்ற தெளிவும் எங்கும் வலியுறுத்தப்பட்டன.

ஒலியமைப்பும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்லும். மேடையிலிருந்து நூறு மீட்டர் தள்ளி நிற்பவரை அது எட்ட ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு ஆகும். ஆகவே நடுவழியில் கோபுரம் நிறுத்தி, அதன் ஒலிபெருக்கிகளை அந்த அளவுக்குத் தாமதித்து ஒலிக்கச் செய்வர். பின்னால் நிற்பவருக்குப் பாட்டுத் தெளிவாகக் கேட்டால் அவர் முன்னே முண்டியடிக்கமாட்டார். நல்ல ஒலியமைப்பு இசைக்கு மட்டுமன்றி உயிருக்கும் துணையாகிறது. குடிநீர், கழிப்பிடம், வெளியேறும் வாயில், மருத்துவ வண்டி செல்லும் பாதை ஆகிய அனைத்தும் இத்தகையனவே.

இசைக்கு மட்டும் உரிய சிக்கலன்று இது. சென்னையை அடுத்த பனையூரில் 2023 செப்டம்பர் 10-ஆம் நாள் நடந்த ஏ. ஆர். ரகுமான் கச்சேரிக்குச் சீட்டு வாங்கியவர்களுள் பலர் உள்ளே நுழையவும் இயலாமல் திரும்பினர். நெரிசலில் பெண்களும் குழந்தைகளும் தவித்தனர். ஆகஸ்டில் மழையால் தள்ளிவைக்கப்பட்ட கச்சேரி அது. 2025 ஜூன் 4-ஆம் நாள், பெங்களூர் சின்னசாமி கிரிக்கெட் அரங்கின் வாயில்களில், வெற்றி விழாவைக் காணத் திரண்ட கூட்டத்தில் பதினொருவர் உயிர் நீத்தனர். முந்திய இரவில் கிடைத்த வெற்றிக்கு மறுநாளே விழா. ஆயத்தத்துக்குக் கிடைத்த பொழுது ஒரு நாளுக்கும் குறைவு. ஆல்டமாண்டில் இரண்டு நாள் போதவில்லை என்று கண்ட பின்னும், ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து அதே பிழை நேர்ந்தது.

தேர்த்திருவிழாவும் இதற்கு விலக்கன்று. 2022 ஏப்ரல் 27-இல் தஞ்சையை அடுத்த களிமேட்டில் தேர் உயர்மின் கம்பியைத் தொட்டுப் பதினொருவர் இறந்தனர். தொன்மை ஒன்றே பாதுகாப்பாகிவிடாது. திருவாரூர் ஆழித்தேர் 1948-க்குப் பின் ஓடாமல் நின்றிருந்தது. அதனைச் செப்பனிட்டு 1970-இல் மீண்டும் ஓட்டியபோது, திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தின் பொறியியல் உதவியை நாடினர். பக்தியும் பொறியியலும் அங்கே கைகோத்தன. வீதியில் மின்கம்பியை முன்கூட்டியே நிறுத்துவதும், சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பதும், வடத்தின் நடுவே சிறுவர் புகாமல் பார்ப்பதும் வழிபாட்டின் பகுதிகளாகவே கருதப்படவேண்டும்.

ஆகவே பெற்றோரின் கேள்விக்கு நாம் கூறத்தக்க விடை இதுவாகும். ராக் இசையால் கேடு வருவதில்லை. கூட்டத்தாலும் தனியே கேடு வருவதில்லை. நான்கு லட்சம் பேர் சேற்றில் அமர்ந்து பகிர்ந்துண்டு கலைந்ததையும் வரலாறு கண்டிருக்கிறது. அவசரத்தாலும், பொறுப்பேற்பவர் இன்மையாலுமே கேடு வருகிறது. பிள்ளைகளைத் தடுத்து வீட்டில் இருத்துவதைவிட, அவர்கள் செல்லும் இடத்தைப் பற்றிச் சில கேள்விகள் கேட்பது மேல். இடம் எப்போது முடிவாயிற்று? வெளியேறும் வழி எத்தனை? பின்வரிசைக்கும் பாட்டுக் கேட்குமா? அபாயம் என்று கண்டால் கச்சேரியை நிறுத்த ஒருவருக்கு அதிகாரம் உண்டா? முன்வரிசை ஆசையை விட்டு, விலகி நிற்க இடமுள்ள பக்கத்தில் நிற்கும்படி பிள்ளைகளுக்குச் சொல்லியனுப்புவதும் நலம்.

அனுமதி தர மறுத்த வால்கில் ஊராட்சியையும், இரவு பத்து மணியைக் காட்டும் ஒலி விதியையும், குர்கானில் பாடாமல் நிறுத்தியவரையும் அன்றைய ரசிகர்கள் ஏசியிருப்பர். அவருள் சிலர் வீண் அச்சத்தால் தடுத்திருக்கலாம். சிலர் உயிரைக் காத்திருக்கலாம். இரண்டையும் பிரித்தறிவதே விழா நடத்துவோரின் கடமையும், விழாவுக்குச் செல்வோரின் அறிவும் ஆகும். தேர் நிலைக்கு வந்து சேர்ந்த பின், வடம் பிடித்தவர்களோடு கட்டை பிடித்தவருக்கும் ஒரு மாலை சூட்டுவது தகும்.